பி-நாற்பத்தேழு

வீட்டோடு சேர்த்துத்தான் தந்தார்கள் இந்தக் கட்டத்தை.
மஞ்சள் கோடு, தூணில் எண்,
மேலே ஓயாமல் சொட்டும் ஒரு குழாய்.
எங்களிடம் கார் இல்லை.
மூன்று வருடமாக அங்கே நின்றது
எண் மட்டும்தான்.

பக்கத்துக் கட்டத்துக்காரர் வாடகைக்குக் கேட்டார்,
இரண்டாவது வண்டி வாங்கப் போகிறாராம்.
மகிழினி முந்திக்கொண்டாள்:
"முடியாது அங்கிள், என் கார் வரும்."
ஐந்து வயது.
அவளை அந்த வாக்கில்
தனியாக விட்டுவிட முடியவில்லை.

சனிக்கிழமை எஸ்.பி. ரோடு.
இக்பால் பாய் கடையில் மோட்டார்கள் கிலோக் கணக்கில் கிடந்தன,
யார் யாருடைய மழையையோ துடைத்து ஓய்ந்தவை.
"எந்த வண்டிக்கும்மா?"
"இன்னும் வண்டி இல்லை."
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகிக்கொண்டு
இருநூற்றைம்பது வாட் ஒன்றை மேசையில் வைத்தார்.
"அப்போ இதிலேர்ந்து ஆரம்பி."

பேட்டரி இரண்டும்
அலுவலக யூ.பி.எஸ்ஸில் கழித்துப் போட்டவை.
கரண்ட் போகிற பத்து நிமிடம்
நாற்பது கணினிகளைத் தூக்கி நிறுத்திய கூட்டத்தில் இரண்டு.
பதினெட்டு கிலோவைத் தூக்காதா.

போன கோடையில் டேங்கர் தண்ணீருக்கு வாங்கிய
நீல டிரம்மை நெடுக்காகப் பிளந்தேன். பானெட்.
அறுக்கையில் உள்ளே
உப்பு படிந்த கோடுகள்,
எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் இருந்ததென்று.
அவற்றைத் தேய்க்கவில்லை.

சதுரக் குழாயை வெட்டியது நான்,
வெல்டிங் வைத்தது ஸ்ரீராமபுரம் ஆரோக்கியசாமி.
அளவுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"கட்டிலா மேடம்?" என்றார்.

திருப்பம்தான் படுத்தியது.
முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு திரும்பினால்
டயர் தரையைத் தேய்த்துக் கிறீச்சிடும்.
உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் கூடுதலாக,
வெளிப்பக்கம் கொஞ்சம் குறைவாக.
சாக்பீஸால் கட்டத்துக்குள் வரைந்து காட்டினேன்.
கதிரேசன் நெடுநேரம் பார்த்தான்.
"இதில் யார் உள்பக்கம்?"
நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்த
ஒன்பதாவது நாள் அது.
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் என்றேன்.
எடுத்துத் தந்தான்.
அது பன்னிரண்டாம் நம்பர்.
சொல்லாமல் அதையே வைத்து முறுக்கப் பார்த்தேன்.

சங்கச் செயலாளர் ஹெக்டே தூணில் நோட்டீஸ் ஒட்டினார்:
நிறுத்துமிடத்தில் வாகனம் தவிர
வேறு பொருட்கள் வைக்கக் கூடாது.
பெயிண்ட் டப்பா, ரம்பம், வயர்ச் சுருள், பழைய பாய்.
நியாயம்தான்.
அதன் அடியிலேயே எழுதிவைத்தேன்:
ஞாயிறு மாலைக்குள் வாகனமாகிவிடும்.

ஞாயிறு, ஆறு மணி.
மாடிகளிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள்,
தோளில் துண்டோடு ஹெக்டே,
டார்ச்சோடு வாட்ச்மேன் நிங்கப்பா.
அதிகபட்ச வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர்.
சில்க் போர்டில் என் கம்பெனி பஸ்ஸைவிட
ஒன்று அதிகம்.

பெல்ட் போட்டுக்கொண்டாள்.
கண்ணாடியைச் சரிசெய்தாள், என் பவுடர் டப்பாவினுடையது.
பெடலை மிதித்தாள்.
வண்டி பின்னால் போனது.

சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன, தப்பு என்னுடையது.
ஒரு நிமிட வேலை, இறங்கு கண்ணு என்று
ஸ்க்ரூடிரைவரோடு ஓடினேன்.
ஸ்டியரிங்கை விடவில்லை அவள்.
"மாத்தாதே. இப்படிப் போனாதான்
நீங்க ரெண்டு பேரும் தெரியறீங்க."

பின்னால் பார்க்காமல் எப்படிடி ஓட்டுவாய் என்று கத்துவதற்குள்
அவள் சி-பன்னிரண்டைத் தாண்டி
தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்விட்டாள்.
கதிரேசன் ஒரு பக்கமாக ஓடினான், நான் இன்னொரு பக்கமாக,
வளைவில் நான் கொஞ்சம் கூடுதலாக.

கேட்டருகே வந்து மூச்சு வாங்கினோம்.
நிங்கப்பா வண்டிகளின் பதிவேட்டைத் திறந்து
நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.
எழுத்துக்கூட்டித்தான் கன்னடம் வரும் எனக்கு.
பி-47. நீலம்.
நேரம் 6:20.
வந்ததா போனதா என்ற கட்டத்தில்
பென்சிலை வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.